வாசலில் கிடந்தவர்



நம் ஊரில் யார் மனை வாங்கினாலும் முதலில் எழும்புவது காம்பவுண்டுச் சுவர். வீட்டுக்கு வாணம் தோண்டுவதற்கு முன்பே நாலு பக்கமும் சுவர் வைத்து, முன்னால் ஒரு இரும்புக் கேட்டும் மாட்டிவிடுகிறோம். அதில் தப்பு சொல்ல மாட்டேன். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கிய இடம். ஆடு மாடு நுழையக் கூடாது, நாளைக்கு யாரும் எல்லைக்கல்லை நகர்த்திவிடக் கூடாது. புது வீடு மந்திரிக்க என்னைக் கூப்பிடும்போது நானும் அந்தக் கேட்டைத் திறந்துகொண்டுதான் உள்ளே வருகிறேன். தீர்த்தம் தெளிக்கும்போது கேட்டுக்கும் சேர்த்தே தெளிக்கிறேன்.

இன்றைய நற்செய்தியிலும் ஒரு வாசல் இருக்கிறது. லூக்கா 16ஆம் அதிகாரம். உள்ளே ஒரு செல்வர். விலையுயர்ந்த ஆடை, நாள்தோறும் விருந்து. வெளியே உடம்பெல்லாம் புண்ணோடு இலாசர். சிறு வயதிலிருந்து கேட்ட கதை என்பதால் அந்தச் செல்வரைக் கல்நெஞ்சக்காரர் என்று சட்டென்று முடிவு கட்டிவிடுகிறோம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவர் இலாசரை அடித்ததாக எழுதியில்லை. விரட்டியதாகவும் இல்லை. ஆள் வைத்து அப்புறப்படுத்தவும் இல்லை. பாவம், கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார். இன்றைக்கு எத்தனை வீட்டு வாசலில் அதற்கு இடம் கிடைக்கும்?

இன்னொன்றும் கவனியுங்கள். செத்த பிறகு, வேதனையில் கிடக்கும்போது அவர் ஆபிரகாமைக் கூப்பிட்டு, தண்ணீரில் விரலை நனைத்து வரும்படி இலாசரை அனுப்பச் சொல்கிறார். பெயரைச் சொல்லிக் கேட்கிறார். அப்படியானால் அவருக்குப் பெயர் தெரிந்திருக்கிறது! ஒவ்வொரு நாளும் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறார். பார்த்தும், பெயர் தெரிந்தும், விருந்துப் பந்திக்கும் இலாசருக்கும் நடுவே இருந்த அந்த நாலு எட்டை அவர் ஒருநாளும் கடக்கவில்லை. செத்த பிறகும் இலாசர் அவர் கண்ணுக்கு ஒரு எடுபிடிதான்.

சாப்பாடு இல்லாததால் இலாசர் பட்டினி கிடக்கவில்லை, சகோதர சகோதரிகளே. சாப்பாடு கூப்பிடு தூரத்தில் தினமும் மீந்துபோயிற்று. அவ்வளவு கிட்டத்தில் இருந்த வளம் அவருக்கு ஏன் எட்டவில்லை?

இந்தக் கேள்வியை நம் ஊரை வைத்தே கேட்டுப் பார்ப்போம். 2025 ஜூலை மாதக் கடைசியில் நம் தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையத்தைத் திறந்தார்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதி, பனிமய மாதா திருவிழாவுக்கு முந்தின நாள், சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறப்பு விழா. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கான வேலை நடக்கிறது. 2024-25இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்ததாகக் கணக்கு வந்திருக்கிறது. இதெல்லாம் நன்றி சொல்ல வேண்டிய காரியங்கள். நம் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறாமல் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகும் காலம் வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நானாக இருப்பேன்.

வறுமை குறையவே இல்லை என்று பேசுவதும் உண்மைக்கு மாறானது. 1990இல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடும் வறுமையில் இருந்தார்கள். இன்று அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமையில் இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம்தான். நம் தாத்தா பாட்டி காலத்துக் கஞ்சித்தொட்டி இன்று இல்லை. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட்ட காமராசரை நம் மூத்தவர்கள் இன்னும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். இப்போது காலைச் சாப்பாடும் போடுகிறார்கள்.

ஆனாலும் பூசை முடிந்து நான் வெளியே வரும்போது தூண் ஓரமாக நின்று, மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்திப் பேச வருகிறவர்கள் குறையவில்லை. ஏன்?

நம் பங்கில் ஒரு அம்மா இருக்கிறார். பெயர் வேண்டாம். அவரைப் போல இங்கே பல பேர் இருப்பதால் யாரைச் சொல்கிறேன் என்று நீங்கள் தேடவும் வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்குவாளியில் கஞ்சியோடு உப்பளத்துக்கு வேன் ஏறுகிறவர். வெயில் உச்சிக்கு வருவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். பாதத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், உப்புத்தண்ணீர் அதில் ஏறி ராத்திரி முழுவதும் எரியும். இந்த மக்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 1979இல் ‘கரிப்பு மணிகள்’ என்று ஒரு நாவலே எழுதினார். அதற்குப் பிறகு பொறி வந்தது, லாரி வந்தது. மூன்று மணி வேன் நிற்கவில்லை.

அந்த அம்மா வீட்டில் பசி இல்லை. ரேஷன் அரிசி வருகிறது. பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாப்பாடு. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வங்கியில் ஏறுகிறது. டிவி இருக்கிறது, மகள் கையில் செல்போன் இருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர் அந்த வீட்டை ஏழை வீடு என்று எழுதுவாரா என்பது சந்தேகம். டிவிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவர் செருகியிருக்கும். உள்ளே மூன்று அட்டைகள், குழு லோன் அட்டைகள். ஒவ்வொன்றிலும் வாரத் தவணை கட்டியதற்குக் கையெழுத்து. முதல் கடன் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது வாங்கியது. இரண்டாவது, முதல் கடனின் தவணை தவறக் கூடாது என்று வாங்கியது. மூன்றாவது மகளின் பேறுகாலத்துக்கு. அதை என்னிடம் எடுத்துக் காட்டிவிட்டு அவர் சொன்னார்: “சாமி, நான் சம்பாதிக்கது எனக்கில்ல. இந்தக் கவருக்கு.”

ஐப்பசி பிறந்தால் அளத்தில் வேலை இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உப்பு விளையாது. அரசு மழைக்கால நிவாரணமாக ஐயாயிரம் ரூபாய் தருகிறது. அதையும் நன்றியோடுதான் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஐயாயிரம் எந்த மூலைக்கு என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கவருக்குள் நாலாவது அட்டை ஏறுவது அந்த மூன்று மாதத்தில்தான்.

இன்றைய ஏழை பெரும்பாலும் பட்டினி கிடக்கிறவர் அல்ல. ஒரு தடவை தடுக்கினால் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாதவர். அனிருத் கிருஷ்ணா என்கிற ஆய்வாளர் இந்தியாவிலும் கென்யாவிலும் உகாண்டாவிலும் பெருவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதையைக் கேட்டு 2010இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு பக்கம் குடும்பங்கள் வறுமையிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அதே ஊரில், வேறு குடும்பங்கள் உள்ளே விழுந்துகொண்டிருப்பதை அவர் பார்த்தார். விழுந்ததற்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட காரணம் நோயும் மருத்துவச் செலவும். ஏறுகிறவர்களை மட்டும் எண்ணினால் எல்லாம் சரியாகிவருவதாகத் தெரியும். விழுகிறவர்களை யார் எண்ணுகிறோம்?

2023 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். நம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது, பணக்காரர் வீட்டுக்குள்ளும் வந்தது. மழைக்குக் கேட்டும் தெரியாது, காம்பவுண்டும் தெரியாது. ஆனால் சிலருக்கு அது ஒரு வார அவஸ்தை. காப்பீடு இருந்தது, மாடி இருந்தது, மாதச் சம்பளம் நிற்கவில்லை. சிலருக்கோ தையல் மிஷினும் ஆடுகளும் பிள்ளைகளின் சான்றிதழும் போயின. அன்று வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இந்தக் கோவிலில் இருக்கிறார்கள். நாலு பேருக்கு முன்னால் அதைச் சொல்லவும் அவர்களுக்குக் கூச்சம்.

அளம் தெரிந்த உங்களிடம் அளத்தை வைத்தே சொல்கிறேன். கிணற்றிலிருந்து மோட்டார் இறைக்கிற தண்ணீர் பாத்திக்குப் பாத்தி தானாகப் பரவுவதில்லை. வெட்டிய வாய்க்கால் வழியாகத்தான் போகும். கிணறு நிறையத் தண்ணீர் கிடந்தாலும் மடை அடைத்த பாத்தி காய்ந்துதான் கிடக்கும். வளர்ச்சி தானாகவே கீழே கசிந்து ஏழைகளை வந்து சேரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்று மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடலில் எழுதினார். அப்போது சில பொருளாதார அறிஞர்கள் அவரைக் கோபித்துக்கொண்டார்கள். அளத்து மக்கள் யாரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

எந்த மடை அடைத்திருக்கிறது? ஒன்று நிலம். ஆலை வரப்போகிறது, சாலை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதுமே சுற்றிலும் சென்ட் விலை ஏறிவிடுகிறது. நிலம் வைத்திருப்பவர் தூங்கி எழும்புவதற்குள் பணக்காரராகிறார். கூலிக்காரருக்கும் கூலி கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. கூடின கூலியை வீட்டு வாடகை வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் இதைப் பார்த்து ஹென்றி ஜார்ஜ் என்பவர் 1879இல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். நகரம் செழிக்கச் செழிக்க ஏழைகள் ஏன் குறையவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. நிலத்தின் வாடகை செழிப்பை விழுங்கிவிடுகிறது என்பது அவர் கண்ட பதில். நியூயார்க்கில் மக்லின் என்று ஒரு பங்குத்தந்தை ஜார்ஜின் பக்கம் நின்று மேடையேறினார். ரோமுக்கு வரச் சொன்னபோது போகவில்லை. 1887இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, 1892இல் திரும்ப ஏற்றுக்கொள்ளப்பட்டார். ஜார்ஜ் சொன்ன மருந்து சரிதானா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. அவர் சொன்ன நோயை நம் தெருவில் வாடகைக்கு இருக்கிறவர்கள் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி பார்க்கிறார்கள்.

மக்லின் விலக்கப்பட்டிருந்த அதே காலத்தில்தான், 1891இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் நிலைமை குறித்துச் சுற்றுமடல் எழுதினார். உழைப்பவர் குடும்பம் மானமாக வாழும் அளவுக்குக் கூலி கிடைக்க வேண்டும், ஒப்புக்கொண்டார் என்பதற்காக அதைவிடக் குறைத்துக் கொடுப்பது நீதியாகாது என்று திருச்சபையின் வாயாலேயே சொன்னார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை தமக்கு லியோ என்ற பெயரைத் தேர்ந்ததற்கு அந்தப் பழைய லியோவையே முக்கியக் காரணமாகச் சொல்லியிருக்கிறார். பெயரை எடுத்துக்கொள்வது சுலபம் என்பார்கள். பார்ப்போம், நாமும் அவருக்காக ஜெபிப்போம்.

இன்னொரு மடை கடன். 2003இல் கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்குப் பதினாலு ஆண்டு கழித்து, பக்கத்து நெல்லையில், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தகப்பனும் தாயும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் தீயில் போனார்கள். மனு கொடுக்க நடந்து நடந்து அலுத்த குடும்பம். அந்த வாசலில் அன்று எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! அவர்களுடைய ஆன்மாக்களை இந்தத் திருப்பலியில் ஆண்டவரின் இரக்கத்துக்கு ஒப்படைப்போம்.

ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள் என்று இயேசுவே சொன்னாரே சாமி, பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு என்று யாராவது கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். பெத்தானியாவில் அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். அங்கே இருந்தவர்கள் இணைச்சட்ட நூலைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த யூதர்கள். ஆண்டவர் எடுத்தது அந்த நூலின் 15ஆம் அதிகாரம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும். அந்த அதிகாரத்தை வீட்டுக்குப் போய் முழுவதும் வாசியுங்கள். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடனை விட்டுக்கொடுக்கச் சொல்லித் தொடங்குகிறது. நீங்கள் என் சொல் கேட்டால் உங்களுக்குள் ஏழையே இருக்க மாட்டார் என்று கடவுள் வாக்குக் கொடுக்கிறார். ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே, கொடுத்தால் திரும்பாதே என்று கணக்குப் போட்டுக் கையை மூடிக்கொள்ளாதே என்று எச்சரிக்கிறார். அதற்குப் பிறகுதான் ஏழைகள் இருந்துகொண்டே இருப்பார்கள் என்கிறார். அதனால் உன் கையைத் திறந்து வை என்று அதே மூச்சில் முடிக்கிறார். நாமோ முதல் பாதியைக் கேட்டுவிட்டுப் பாட்டுக்கு எழும்பிவிட்டோம்.

2025 யூபிலி ஆண்டாக இருந்தது. ஜெபமாலை கையில் எடுத்துத் திருத்தலம் திருத்தலமாகப் போய் வந்தோம், நல்லது. லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தின் யூபிலி வேறு மாதிரி. ஐம்பதாம் ஆண்டில் விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், அடிமைப்பட்டவர் வீடு திரும்ப வேண்டும். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்க வந்தவர்கள் என்கிறார் கடவுள். ஒரு தலைமுறையில் விழுந்த குடும்பம் அடுத்த தலைமுறையிலும் அங்கேயே கிடக்கக் கூடாது என்பதுதான் அதன் கருத்து. இரக்கம் என்றால் உண்டியலில் போடுகிற காசு என்று நாம் நினைக்கிறோம். வேதத்தில் அதற்கு நிலப்பத்திரமும் கடன்பத்திரமும்கூட உண்டு.

அரசையும் ஆலையையும் உலகத்தையும் பேசினால் நமக்குச் சுகமாக இருக்கும். அதனால் இப்போது நம் வீட்டுக்குள் வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு, கிரீடம், போட்டோ, பிரியாணிப் பந்தி. மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிப் புதுநன்மை நடத்திய வீடு இந்தப் பங்கில் இருக்கிறது. நற்கருணை ஆண்டவர் வந்த அன்றைக்கே கடன்காரரும் வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் அப்படிச் செய்தார்கள், நாம் செய்யாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் காரணம். அந்த “என்ன நினைப்பார்கள்” யார்? நாம்தானே? மகளைக் கட்டிக் கொடுக்க எத்தனை பவுன் என்று கேட்கிறவர்கள் வேறு மதத்திலிருந்தா வருகிறார்கள்? ஓலை வாசிக்கும்போது அந்தக் கணக்கையும் சேர்த்து வாசித்தால் இந்தக் கோவில் தாங்குமா?

அளம் வைத்திருக்கிறவர்களும், கடை வைத்திருக்கிறவர்களும், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நல்லவர்கள், கோவில் வேலை என்றால் முதலில் கொடுக்கிறவர்கள். யாக்கோபு தம் மடலின் 5ஆம் அதிகாரத்தில் சொல்வதைக் கேளுங்கள்: பிடித்து வைத்த கூலி கத்துகிறதாம், அந்தச் சத்தம் கடவுளின் காதில் விழுகிறதாம். உங்களிடம் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி உண்டா? மழை மூன்று மாதத்தில் அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? கொடுத்த கடனுக்கு எவ்வளவு வட்டி வாங்குகிறோம் என்று ஒப்புரவு அருள்சாதனத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதைப் பாவக் கணக்கில் சேர்க்கவே நமக்குத் தோன்றுவதில்லை.

சோம்பேறி, குடிகாரன், அதனால்தான் இப்படி என்று ஒரு பதில் எல்லார் வாயிலும் தயாராக இருக்கிறது. குடி வீடுகளை அழிக்கிறது. அதை உங்களோடு சேர்ந்து அழுது பார்த்தவன் நான். ஆனால் மூன்று மணி வேனில் ஏறுகிற அம்மாவைச் சோம்பேறி என்று சொல்ல நாக்கு வருமா? நற்செய்தி இலாசர் ஏன் ஏழையானார் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் குடித்தாரா, உழைத்தாரா, ஜெபித்தாரா, ஒன்றும் தெரியாது. வாசலில் கிடந்தார். இயேசுவுக்கு அது போதுமானதாக இருந்தது.

கஷ்டத்தில் இருக்கிற என் பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். உங்கள் கடன் கடவுள் கொடுத்த தண்டனை அல்ல. உங்கள் குடும்பத்துக்குச் சாபம் இல்லை. விசுவாசம் போதாததால்தான் ஆசீர்வாதம் வரவில்லை என்று டிவியில் ஒருவர் சொன்னால், சத்தத்தைக் குறைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பெற்ற நம் மாதாவுக்கும் விசுவாசம் போதவில்லை என்றாகிவிடும். தவணைக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டார், நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். இந்தக் கோவிலில் முன்வரிசை உங்களுடையது. ஆபிரகாமின் மடியில் இலாசர் உட்கார்ந்திருப்பதை ஆண்டவர் ஒரு ஆறுதல் வார்த்தையாக மட்டும் சொல்லவில்லை. தம் வீட்டில் யாருக்கு எந்த இடம் என்பதை அங்கே வெளிப்படையாகக் காட்டிவிட்டார்.

வசதியாக இருக்கிற சகோதர சகோதரிகளே, நீங்களும் பயந்துபோய் வீட்டுக்குப் போக வேண்டாம். புனித யோவான் கிறிசோஸ்தோம் நாலாம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் இந்த ஒரே உவமையை வைத்துப் பல நாள் மறையுரை ஆற்றினார். இருப்பதைப் பகிராமல் இருப்பதும் திருட்டுதான் என்று செல்வர்களை உட்கார வைத்துக்கொண்டே சொன்னார். கடுமையான வார்த்தை. அவர் ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்? அவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள் என்பதால்தான். உவமையில் அந்தப் பெரிய பிளவு வருவது சாவுக்குப் பிறகு. அதற்கு முன்னால் இருந்தது ஒரு வாசல், உள்பக்கத் தாழ்ப்பாளோடு. செல்வரின் ஐந்து சகோதரர்களும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள். இந்தக் கதையை ஆண்டவர் அவர்களுக்காகச் சொன்னார். அவர்களைத் தொலைத்துவிட அவருக்கு மனமில்லை. சக்கேயுவைப் பாருங்கள். ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் எழும்பி நின்று சொன்னபோது, அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது. ஏழைகளுக்குக் கூழ் ஊற்றியதோடு அவர் நிற்கவில்லை, கணக்கைத் திருத்தினார்.

திருத்தூதர் பணிகள் நூல் 6ஆம் அதிகாரத்தில் நம்மைப் போன்ற ஒரு பங்கு இருக்கிறது. எருசலேமில் தொடக்கத் திருச்சபை பெருகிக்கொண்டே போகிறது. எல்லாம் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டவர்கள். அங்கேயும் கிரேக்க மொழி பேசுகிற கைம்பெண்களுக்குத் தினப்படிச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறைப்பாடு கிளம்புகிறது. பெருகியபோதுதான் விட்டுப்போகவும் தொடங்கியது. திருத்தூதர்கள் பொறுமையாயிருங்கள் என்று சொல்லவில்லை, முறுமுறுக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. எல்லாரையும் கூட்டி, ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயரையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர் என்று தொடங்கி ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் வீட்டுக்குச் சாப்பாடு போகவில்லையோ அவர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வாசகத்தைத் தியானித்தபோது நம் பங்குப்பேரவைப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆசிரியர்கள் இருக்கிறார்கள், துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், வியாபாரிகள், ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் தங்கமானவர்கள். அளத்துக்குப் போகிற ஒரு பெண்கூட இல்லை. ஏன் என்று கேட்டபோது, கூப்பிட்டால் வர மாட்டார்கள் சாமி என்றார்கள். கூட்டம் இரவு எட்டு மணிக்கு. மூன்று மணிக்கு வேன் ஏறுகிறவர் எட்டு மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார்?

ஆகவே அடுத்த கூட்டம் மாலை ஐந்து மணிக்கு. பேரவை உறுப்பினர்களுக்கு அது வசதிப்படாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் கடையைச் சீக்கிரம் சாத்துங்கள். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் அளத்துக்குப் போகிற ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் மழைக்கால உதவி நிதி தொடங்கலாம் என்கிறார்கள். அந்த நிதி யாருக்கு, எவ்வளவு, எப்படி என்பதை இந்தப் பெண்கள் முடிவு செய்வார்கள், நாம் கேட்டுக்கொண்டிருப்போம். இந்த ஆண்டு புதுநன்மைக்குப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிச் சீருடையில் வருவார்கள், பந்தி கிடையாது, பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் கோவில் முற்றத்தில் கட்டன் காப்பியும் பன்னும். இதில் யாருக்காவது வருத்தம் இருந்தால் என்னிடம் நேரே வந்து திட்டலாம், பந்தி போட்டு மட்டும் தப்பிக்க முடியாது.

எழுந்து நிற்போம். நம்பிக்கை அறிக்கையைச் சேர்ந்து சொல்வோம்.